அரசனிடம் போன ஓவியமும் வீட்டுக்கு வந்த அச்சும்

மேசையில் வெள்ளை விரிப்பு விரித்திருக்கிறது. தட்டுகள் வைத்தாயிற்று, சூப்பும் வந்தாயிற்று. பரிமாறக் குனிந்த தாய் குனிந்த நிலையிலேயே கையை நிறுத்திக்கொண்டு, சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கடைக்குட்டியைப் பார்க்கிறாள். கடைக்குட்டி கைகூப்பி, சாப்பாட்டுக்கு முன் சொல்ல வேண்டிய ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அல்லது சொல்லத் திணறுகிறது. மேசையருகே மூத்த பெண் தன் முறையை முடித்துவிட்டவளைப் போலக் காத்திருக்கிறாள். நாற்காலியில் ஒரு பொம்மை மேளம் தொங்குகிறது. இதற்கு மேல் நிகழ்ச்சி என்று சொல்ல இந்த ஓவியத்தில் எதுவுமில்லை. ழான் சிமேயோன் ஷார்தன் 1740-இல் பாரிஸில் காட்சிக்கு வைத்த ‘லெ பெனெதிசிதே’ இது. உணவுக்கு முந்தைய ஜெபம் என்பது அந்தப் பெயரின் பொருள். உயரம் அரை மீட்டர்கூட இல்லை, அகலம் 40 செண்டிமீட்டருக்கும் குறைவு.

பிரெஞ்சு அன்றாட வாழ்க்கை ஓவியங்களில் இன்றும் அதிகமாக அச்செடுத்து விற்கப்படுபவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் இதை அச்செடுத்து விற்பது நம் காலத்து வழக்கமன்று. ஓவியம் வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்குள், 1744-இல், இதன் முதல் அச்சு பாரிஸில் விற்பனைக்கு வந்துவிட்டது. அந்த அச்சை ஓவியத்தின் வெறும் நகலாகக் கருதுவது பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ‘பெனெதிசிதே’ என்று மக்கள் அறிந்திருந்தது அந்த அச்சைத்தான். அதில் நாம் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டு சிரிக்க வேண்டும் என்பதைக்கூட அந்த அச்சுதான் தீர்மானித்துக் கொடுத்தது.

ஓவியம் போன வழியை முதலில் பார்க்கலாம். அரச ஓவியக் கழகத்தின் உறுப்பினர்கள் தம் படைப்புகளைக் காட்டும் ‘சலோன்’ என்னும் கண்காட்சி, லூவர் அரண்மனையின் சதுர மண்டபத்தில் 1737 முதல் ஒழுங்காக நடைபெறத் தொடங்கியிருந்தது. நுழைவுக் கட்டணம் இல்லாததால் பிரபுவும் வந்தார், அவருடைய வண்டிக்காரரும் வந்தார். 1740-ஆம் ஆண்டுச் சலோனில் ‘பெனெதிசிதே’யும், மகளின் தையல் வேலையைத் தாய் திருத்திக் காட்டும் ‘உழைக்கும் தாய்’ என்ற ஓவியமும் இடம்பெற்றன. அதே ஆண்டு நவம்பரில், அரச கட்டடங்களின் பொறுப்பாளராக இருந்த ஒரி என்ற அமைச்சர் ஷார்தனை வெர்சாயிக்கு அழைத்துச் சென்று பதினைந்தாம் லூயியின் முன் நிறுத்த, இரு ஓவியங்களும் அரசனுக்குக் காணிக்கையாயின. ஓவியனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை அந்தக் காலத்தில் கிடையாது. பார்வையாளர்களைப் பொறுத்தவரை ஓவியத்தின் கதை அத்துடன் முடிந்தது. அரச சேகரிப்புக்குள் போன படத்தைச் சலோனுக்கு வந்த வண்டிக்காரர் இனி எங்கே பார்ப்பது?

இந்த மரியாதை ஷார்தனுக்குக் கிடைத்தது வியப்புக்குரியது. 1667-இல் அந்திரே ஃபெலிபியான் வகுத்துச் சொன்ன தரவரிசைதான் கழகத்தின் அளவுகோலாக இருந்தது. புராணம், வேதாகமம், வரலாறு ஆகியவற்றைத் தீட்டுபவர் உச்சியில் இருப்பார். மனித உருவப்படம் தீட்டுபவர் அடுத்தவர். விலங்கு, இயற்கைக் காட்சி என்று இறங்கிக்கொண்டே போய், பழத்தையும் பாத்திரத்தையும் தீட்டுபவர் அடியில் நிற்பார். பில்லியர்ட்ஸ் மேசைகள் செய்த தச்சரின் மகனாக 1699-இல் பாரிஸில் பிறந்த ஷார்தனை 1728-இல் கழகம் சேர்த்துக்கொண்டபோது, விலங்குகளையும் பழங்களையும் தீட்டுவதில் வல்லவர் என்ற தகுதியில்தான் சேர்த்துக்கொண்டது. குடல் வெளியே தெரியக் கொக்கியில் தொங்கும் திருக்கை மீனின் ஓவியம் அவருக்கு அந்த வாசலைத் திறந்தது. அந்த மீன் இன்றும் லூவரில் தொங்குகிறது.

காய்கறியிலும் மீனிலும் இருந்தவர் மனிதர்களிடம் வந்தது எப்படி என்பதற்கு, அச்சுகளைத் திரட்டுவதில் பெயர் பெற்ற பியேர் ழான் மரியெத் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். ஷார்தனின் நண்பரான ஆவெத் உருவப்படம் தீட்டுபவர். 400 லீவ்ருக்கு (லீவ்ர் அன்றைய பிரெஞ்சு நாணயம்) உருவப்படம் கேட்டு வந்த ஒரு சீமாட்டியை, தொகை போதாது என்று அவர் திருப்பி அனுப்பினாராம். 400 லீவ்ர் நல்ல தொகைதானே என்று ஷார்தன் சொல்ல, உருவப்படம் தீட்டுவது இறைச்சிக்குழல் தீட்டுவதைப் போல எளிதாக இருந்தால் நல்ல தொகைதான் என்று ஆவெத் குத்திக்காட்டினாராம். கதையை முழுதும் நம்ப வேண்டியதில்லை. இத்தனை பொருத்தமாக அமையும் கதைகள் பின்னால் மெருகேற்றப்பட்டவையாகவே இருக்கும். ஆயினும் 1730-களின் முற்பகுதியிலிருந்து ஷார்தனின் ஓவியங்களில் துணி துவைப்பவளும், குழாய் வைத்த செப்புத் தொட்டியில் தண்ணீர் பிடிப்பவளும், சோப்புக் குமிழி ஊதும் பையனும், சீட்டுக்கட்டால் வீடு கட்டும் சிறுவனும் வரத் தொடங்கினார்கள் என்பது உண்மை.

ஷார்தன் மெதுவாக வேலை செய்தவர். எதிரே பொருளை வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத் தீட்டிய அவருக்கு ஓர் ஓவியம் முடிய மாதக்கணக்கில் ஆகும். முடிந்ததும் அது ஒரே ஒருவரின் கைக்குப் போய்விடும். சலோனில் பார்த்து ஆசைப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களின் கைக்கு எதுவும் எட்டாது. செதுக்குநர்கள் புகுந்தது இந்த இடைவெளியில்தான். மூத்த கொஷான், ஃபியோல், சுருக், லெ பா என்று பலர் அவருடைய ஓவியங்களைச் செப்புத் தகட்டுக்கு மாற்றினார்கள். அவர்களுள் ‘பெனெதிசிதே’யைச் செதுக்கியவர் பிரான்சுவா பெர்னார் லெபிசியே. அவர் சாதாரணக் கைவினைஞர் அல்லர். அரச ஓவியக் கழகத்தின் செயலாளராகவும் வரலாற்றெழுத்தாளராகவும் இருந்தவர். மனைவி ரெனே எலிசபெத் மர்லியேயும் செதுக்குநர். மகன் நிக்கோலா பெர்னார் பின்னாளில் ஷார்தனின் வழியிலேயே வீட்டுக் காட்சிகளைத் தீட்டிப் பெயர் பெற்றார்.

தகட்டு வேலை எப்படி நடக்கும் என்பதைச் சற்று அருகில் நின்று பார்ப்பது நல்லது, ஏனெனில் அச்சின் அழகும் குறையும் அதிலிருந்தே பிறக்கின்றன. நன்றாக மெருகிட்ட செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு பூசுவார்கள். ஓவியத்தின் கோட்டுருவை அதன்மேல் இறக்கி, ஊசியால் கீறினால் கீறிய இடத்தில் மட்டும் செம்பு வெளியே தெரியும். அதன்மேல் அமிலம் விட்டால் கீறல்கள் பள்ளமாக அரிக்கப்படும். இது அடிவேலை. இதன் பிறகு செதுக்குளியை உள்ளங்கையில் ஊன்றிப் பிடித்து, செம்பை இழையிழையாகச் சீவி எடுத்து, ஒவ்வொரு நிழலையும் கோடுகளாலேயே கட்ட வேண்டும். வளைவான கன்னத்துக்கு வளைந்த கோடுகள், சுவருக்கு நேர்கோடுகள், அடர்ந்த நிழலுக்கு ஒன்றையொன்று வெட்டும் கோடுகள், கோடுகளின் இடைவெளிகளில் புள்ளிகள் என்று இதற்கென ஓர் இலக்கணமே உண்டு. அச்சில் இடவலம் மாறும் என்பதால், மாறாமல் இருக்க வேண்டுமானால் தகட்டில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கண்ணாடியில் ஓவியத்தைப் பார்த்தபடி வேலை செய்வது அதற்கான வழி. இந்தச் சிரமத்தைத் தவிர்த்த செதுக்குநரின் அச்சில் வலக்கையால் பரிமாறும் பெண் இடக்கைக்காரி ஆகிவிடுவாள்.

தகடு முடிந்ததும் மையைத் தேய்த்துப் பள்ளங்களுக்குள் புகுத்தி, மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்து, ஈரமாக்கிய காகிதத்தை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, இரு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுப்பார்கள். காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். அதனால்தான் நல்ல படியில் விரலை மெல்ல ஓட்டினால் கோடுகள் சற்றே மேடாகத் தட்டுப்படும். தகட்டின் விளிம்பு காகிதத்தில் ஒரு சட்டம்போலப் பதிந்திருக்கும். ஒவ்வொரு படிக்கும் இந்த வேலை முழுவதும் திரும்பச் செய்யப்பட வேண்டும். செம்பு மென்மையான உலோகமாதலால், படிகள் கூடக் கூட நுண்ணிய கோடுகள் தேய்ந்து, கடைசியில் வரும் படிகள் சாம்பல் பூத்தவைபோல இருக்கும். ஒரே தகட்டின் முதற்படிகளுக்கும் பிற்படிகளுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருப்பது இதனால்தான்.

தகட்டின் அடியில் படத்துக்கு வெளியே எழுத்துகள் இருக்கும். ஒரு பக்கம் ஓவியர் பெயருடன் ‘பிங்க்சிட்’ என்ற லத்தீன் சொல், அதாவது தீட்டினார். மறுபக்கம் செதுக்குநர் பெயருடன் ‘ஸ்கல்ப்சிட்’, அதாவது செதுக்கினார். நடுவில் தலைப்பும் அதன்கீழ் நான்கு வரிச் செய்யுளும். லெபிசியேயின் தகடுகளில் வரும் செய்யுள்கள் அவரே எழுதியவை என்று கருதப்படுகின்றன. ‘பெனெதிசிதே’யின் கீழ் இருக்கும் நான்கு வரிகளின் பொருள் ஏறக்குறைய இது: தம்பி ஜெபத்தைத் திக்கித் திக்கிச் சொல்வதைப் பார்த்து அக்காள் கமுக்கமாகச் சிரிக்கிறாள், அவனோ அதைப் பொருட்படுத்தாமல் ஜெபத்தை விரைந்து முடிக்கிறான், பசி அவனுக்கு நியாயம் கற்பிக்கிறது.

இந்த நான்கு வரிகள் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. இரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல. முதலாவது, கடைக்குட்டி பையன் என்பது. ஓவியத்தை இன்று முதன்முறை பார்ப்பவர்கள் அநேகமாக இரண்டு பெண் குழந்தைகள் என்றே நினைப்பார்கள், ஏனென்றால் சின்னதும் கவுன்தான் போட்டிருக்கிறது. அக்கால ஐரோப்பாவில் ஆண் குழந்தைகளுக்கு ஆறேழு வயதுவரை பாவாடை போன்ற நீண்ட உடைதான். அதன் பிறகே கால்சட்டை. நாற்காலியில் தொங்கும் மேளம், இது பையன் என்று அன்றைய பார்வையாளருக்குச் சொல்லிவிட்டது. செய்யுள் அதை உறுதிசெய்தது. இந்த அளவில் அச்சு நமக்கு உதவி செய்கிறது. படத்தில் இருப்பதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது, அக்காளின் சிரிப்பு. அது வேறு வகை. ஷார்தனின் ஓவியத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை எத்தனை நேரம் பார்த்தாலும் கேலியை என்னால் காண முடியவில்லை. கவனம் தெரிகிறது, கொஞ்சம் பொறுமையின்மை தெரிகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். பசியால் அவசரப்படும் சிறுவனும் அவனைக் கண்டு சிரிக்கும் அக்காளும் செய்யுளில்தான் இருக்கிறார்கள். ஓவியம் ஒரு நிறுத்தத்தைக் காட்டுகிறது. செய்யுள் அதை ஒரு சிறு நகைச்சுவைக் காட்சியாக்குகிறது.

இது ஒரு தகட்டில் மட்டும் நடந்ததன்று. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1739-இல், லெபிசியே ஷார்தனின் ‘செவிலி’ என்ற ஓவியத்தைச் செதுக்கினார். ஓவியம் இப்போது ஒட்டாவாவில் கனடாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. பள்ளிக்குப் புறப்படும் பையன் புத்தகங்களை இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறான். செவிலி அவன் தொப்பியைத் தூசி தட்டியபடி அவனைப் பார்க்கிறாள். தரையில் பூப்பந்து மட்டையும் பந்தும் சீட்டுகளும் கிடக்கின்றன. ஓவியத்தில் அந்தப் பையன் உண்மையிலேயே வருந்துகிறானா, நடிக்கிறானா என்பது நமக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதுதான் அந்த ஓவியத்தின் உயிர். செய்யுளோ அந்தப் போலி முகத்தையும் பணிவையும் நம்பாதே, மறுபடி விளையாடப் போகத்தான் இவன் திட்டம் போடுகிறான், பந்தயம் கட்டுகிறேன் என்று அடித்துச் சொல்லிவிடுகிறது. ஷார்தன் திறந்துவைத்த கதவைச் செதுக்குநர் சாத்துகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் லெபிசியே மேல் பழிபோட்டு முடித்துவிட முடியாது. வாங்குபவருக்கு அந்த வரிகள் தேவைப்பட்டன. டச்சு நாட்டுச் சிற்றோவியங்களையும் அவற்றின் அச்சுகளையும் பார்த்துப் பழகிய பாரிஸ் வாங்குவோர், அடுக்களைக் காட்சிக்குள் ஒரு நீதியோ நையாண்டியோ ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வரலாற்று ஓவியத்துக்குக் கதை உண்டு. அடுக்களைக்குக் கதை இல்லை. நான்கு வரிச் செய்யுள் அந்தக் குறையை நிரப்பி, தாழ்ந்த வகை என்று ஒதுக்கப்பட்ட படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டத் தக்கதாக்கியது. வீட்டுக்கு வந்தவருக்கு அதைப் படித்துக் காட்டிச் சிரிக்கவும் முடிந்தது.

விளைவு என்னவாயிற்று என்பதற்கு மரியெத்தின் குறைகூறலே சாட்சி. ஷார்தனின் ஓவியங்களிலிருந்து எடுத்த அச்சுகள் நாகரிகப் பொருளாகிவிட்டன என்றும், தெனியேர், வூவர்மன், லாங்க்ரே ஆகியோரின் அச்சுகளுடன் சேர்ந்து அவை லெ ப்ருன், பூசான், லெ சுயர் போன்ற வரலாற்று ஓவியர்களின் கனமான அச்சுகளுக்குக் கடைசி அடி கொடுத்துவிட்டன என்றும் அவர் 1749-இல் எழுதினார். பொதுமக்கள் தம் வீட்டில் தினமும் கண்ணெதிரே நடப்பதையே படத்திலும் பார்க்க விரும்புகிறார்கள், உயர்ந்த பொருளைப் புரிந்துகொள்ளச் சற்று முயல வேண்டும் என்பதால் அதை ஒதுக்குகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். மரியெத் அச்சு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். எது விற்கிறது, எது தூங்குகிறது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆகவே இந்த வருத்தத்தை நாம் ஒரு சந்தை நிலவரமாகவும் படிக்கலாம். ஷார்தனின் பெயர் பாரிஸுக்கு வெளியே பரவியதில் இந்தத் தாள்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டுகளில் அவரும் தம் காட்சிகளை மீண்டும் மீண்டும் தீட்டினார். ‘பெனெதிசிதே’யின் 1744-ஆம் ஆண்டிட்ட ஒரு படி ரஷ்யாவின் இரண்டாம் கத்தரினாவின் சேகரிப்பு வழியாக இன்று ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இன்னொரு படி 1869-இல் மருத்துவர் லூயி லா காஸ் உயிலெழுதி வைத்த சேகரிப்புடன் லூவருக்கு வந்து, அரசனிடம் போன முதல் ஓவியத்துடன் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தது.

அச்சில் காணாமல் போனது எது? வண்ணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் இங்கே வண்ணம் என்பது தாயின் உடையும் ஏப்ரனும் என்ன நிறம் என்ற தகவல் மட்டுமன்று. ஷார்தன் வண்ணத்தைத் தடிப்பாகவும் மெல்லியதாகவும் அடுக்கடுக்காக வைத்து, பக்கத்துப் பொருளின் சாயலை இந்தப் பொருளின் மேல் படியவிட்டு, முழு அறைக்கும் ஒரே காற்று இருப்பதாக உணரச் செய்பவர். வெள்ளையையும் சிவப்பையும் கறுப்பையும் அல்ல, பொருள்களின் சத்தையே நீ தட்டில் குழைக்கிறாய் என்று 1763-ஆம் ஆண்டுச் சலோனைப் பற்றி எழுதும்போது எழுத்தாளர் திதெரோ அவரை விளித்துச் சொன்னது இதைத்தான். ஓவியத்தின் வெள்ளை விரிப்பைக் கூர்ந்து பார்த்தால் தூய வெள்ளை மிகக் குறைவு; சாம்பலும் நீலமும் பழுப்பும் கலந்துதான் அது வெள்ளையாகத் தெரிகிறது. செதுக்குநரிடம் வெள்ளைக்கு இருப்பது ஒன்றே ஒன்று, மை படாத காகிதம். லெபிசியே எத்தனை நுணுக்கமாகக் கோடு போட்டாலும், விரிப்பின் ஒளிமிகுந்த இடத்தில் அவர் செய்யக்கூடியது எதுவும் செய்யாமல் விடுவதுதான். ஆயினும் உருவங்களின் அமைப்பு, தாயின் குனிந்த முதுகில் தொடங்கி பிள்ளையின் கூப்பிய கைகளில் முடியும் அந்தச் சரிவு, அச்சில் ஓவியத்தைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிறம் போனபின் எலும்புக்கூடு தெரிவதைப் போல.

இன்று ‘ஃபைன் ஆர்ட் பிரிண்ட்’ என்ற பெயரில் விற்கப்படுவது மேற்சொன்ன எதுவுமன்று. அது பெரும்பாலும் ஓவியத்தின் டிஜிட்டல் படத்தை, நிறமிகளால் ஆன மை கொண்டு, பருத்தி இழைக் காகிதத்திலோ கான்வாஸ் துணியிலோ இங்க்ஜெட் பொறியில் அச்சிடுவது. இதற்கு ‘ஜிக்லே’ என்று ஒரு பெயரும் உண்டு. பெயரைக் கேட்டால் பாரிஸின் பழைய பட்டறை ஒன்றிலிருந்து வந்ததுபோலிருக்கும். உண்மையில் 1991-இல் கலிபோர்னியாவில் ஒரு அச்சுக்கலைஞர், பீய்ச்சுதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து உருவாக்கிய பெயர் அது. இந்த அச்சில் நிறம் திரும்பி வந்திருக்கிறது, செய்யுள் போய்விட்டது. ஓவியத்தின் மௌனம் ஓரளவு மீண்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. முதலாவது, எந்தப் படியின் படம் இது? லூவரின் இரண்டும் ஹெர்மிடேஜின் ஒன்றும் ஒரே ஓவியம்போல ஒரே தலைப்பில் விற்கப்படுகின்றன, அவை ஒன்றல்ல. இரண்டாவது, அளவு. அரை மீட்டர் உயரமுள்ள ஓவியத்தை ஒன்றரை மீட்டருக்குப் பெரிதாக்கினால், கைக்கெட்டும் தொலைவில் நின்று பார்ப்பதற்காகத் தீட்டிய அந்தச் சின்ன அறை விளம்பரத் தட்டியாகிவிடும். மூன்றாவது, சட்டத்துக்குப் பொருந்துவதற்காக ஓரங்களை வெட்டியிருக்கிறார்களா என்பது. ஷார்தனிடம் ஓரத்தில் இருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இருக்கும் முகத்துக்கும் ஒரே கவனம்தான்.

பழைய தாளைத் தேடுபவருக்குச் சோதனைகள் வேறு. பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்க்கும்போது நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்போல வட்டமிட்டுத் தெரிந்தால் அது ஆப்செட், அதாவது இக்காலப் பொறி அச்சு. ஒழுங்கில்லாத நுண்துளிகள் தெரிந்தால் இங்க்ஜெட். தொடக்கத்தில் மெலிந்து, நடுவில் தடித்து, மீண்டும் மெலியும் முழுக்கோடுகள் தெரிந்தால் செதுக்குளியின் வேலை. காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கம்பிச் சல்லடையின் இணைகோடுகள் தெரிய வேண்டும். கோடில்லாத வழுவழுப்பான காகிதம் பிரான்சில் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வழக்கத்துக்கு வந்தது. தகட்டு விளிம்பின் தடம் மட்டும் இருந்தால் நம்பிவிடக் கூடாது, அதை வெறும் அழுத்தத்தாலும் போலியாகப் பதிக்க முடியும். இடைப்பட்ட வகை ஒன்றும் உண்டு. பழைய தகட்டிலிருந்தே புதிதாக எடுத்த படி. 1797-இல் நிறுவப்பட்ட லூவரின் தகட்டுக் காப்பகத்தில் 14,000-க்கு மேற்பட்ட செப்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து இன்றும் கையால் படி எடுத்து விற்கிறார்கள். அப்படிப்பட்ட தாள் போலியும் அன்று, பழையதும் அன்று. அதைப் பழையதென்று விற்றால் மட்டுமே மோசடி.

கடைசியாக, ஓரம். பழைய அச்சுகளை ஆல்பத்தில் ஒட்டுவதற்காகவும் சிறிய சட்டத்துக்குள் நுழைப்பதற்காகவும் படத்தை மட்டும் விட்டு, அடியிலிருந்த எழுத்துகளைக் கத்தரித்துவிடும் வழக்கம் பரவலாக இருந்தது. சேகரிப்போர் இதைப் பெருங்குறையாகக் கருதுகிறார்கள். அப்படி வெட்டிய தாளுக்கு விலையும் குறைவு. ஆண்டும் பெயர்களும் செய்யுளும் போன தாளை யாருடையது என்று நிறுவுவதே தொல்லையாதலால் அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் ‘பெனெதிசிதே’யின் அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்ட தாளில் அக்காள் சிரிப்பதில்லை, தம்பி ஜெபத்தை முடிக்கட்டும் என்று தாயுடன் சேர்ந்து அவளும் காத்திருக்கிறாள்.